சாம்பியன் வண்டி எத்திராஜ்

“இந்த வண்டி பேரை நீ எப்பிடிச் சொல்லுவே பாப்பா?” என்று கேட்டுத்தான் எத்திராஜ் பேச்சைத் தொடங்கினார்.

அது 1956-ஆம் வருஷத்துக் கோடை. சித்தூரில் வேலூர் ரோட்டில் என் பெரியப்பா பாலசுந்தரத்துக்கு ஒரு வாடகைக் கார் ஷெட் இருந்தது. மூன்று கார்கள், மூன்று டிரைவர்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். ஐந்தாவது வரை தமிழும் அதற்குப் பிறகு தெலுங்கும் படித்தவள் என்பதால், யார் வந்து கார் கேட்டாலும் பேரும் ஊரும் பிழையில்லாமல் எழுதுவேன் என்று பெரியப்பா என்னை டிரிப் புத்தகத்தின் முன்னால் உட்கார வைத்துவிட்டார். உட்கார்ந்து நான்காவது நாள் அது. எத்திராஜ் ஈரத்துணியால் கார் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காருக்கு ஆகாய விமானத்துக்கு இருப்பதுபோல முன்னால் கூம்பாக ஒரு மூக்கு உண்டு. ஸ்டூடிபேக்கர் கம்பெனியின் சாம்பியன் மாடல்.

“சாம்பியன்” என்றேன்.

“அது உன் வாயி. உன் பெரியப்பா?”

யோசித்துவிட்டு, “சாம்பியனு” என்றேன். பெரியப்பா எல்லாச் சொல்லுக்கும் ஒரு தெலுங்கு வால் வைப்பார்.

“கரெக்டு. பங்காருபாளையம் மாங்கா மண்டிக்காரன்?”

தெரியாது என்று தலையாட்டினேன்.

“சாம்பய்யன்! ‘ஏம்பா, சாம்பய்யன் வந்துட்டானா?’ன்னு கேக்கறான். அவன் பங்காளி மாதிரி.”

பக்கத்து ஃபோர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த இன்னொரு டிரைவர் கோவர்த்தனன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். “ஆரம்பிச்சுட்டான்யா. பாப்பா, காதைப் பொத்திக்கோ. உலகத்தை ஒரு சுத்து சுத்தாம வுட மாட்டான்.”

“நீ நட்டை முடுக்கு” என்று அவரிடம் சொல்லிவிட்டு எத்திராஜ் என் பக்கம் திரும்பினார். “வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில அமெரிக்கா டாக்டரம்மா ஒண்ணு கீது. அது சொல்றது ‘ச்சேம்ப்யன்’. பாதி மூக்கு, பாதி வாயி. கார் அவங்க ஊருதானே, அதனால வூட்டுப் புள்ளைய கூப்புடற மாதிரி கூப்புடும். இங்கிலீஷ்காரன் வாயைத் தொறக்கவே மாட்டான். பல்லுக்குள்ளயே ‘செம்பியன்’.”

சோழ ராஜா பேர் மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

“பாண்டிச்சேரியில இருந்து ஒரு பிரெஞ்சுக்காரர் சந்திரகிரி கோட்டை பாக்க வந்தாரு. அவரு ‘ஷாம்ப்யோ’ன்னு சொல்லிட்டு கடைசி எழுத்தை மூக்குக்குள்ள வெச்சுக்கினு குடுக்கவே இல்ல. மதனப்பள்ளிக்குப் போவுமே டென்மார்க் நர்சம்மா, அது ‘ஷெம்பியன்’. பாதியை முழுங்கிடும், ஆனா சிரிச்சுக்கினே முழுங்கும். ராமகுப்பத்துக்குப் பட்டுப்பூச்சி பாக்க ஒரு ஜப்பான்காரர் வந்தாரு. அவரு ஒவ்வொரு எழுத்தையும் படி எறங்கற மாதிரி எறங்குவாரு. ச்சா... ன்... பி... யோ... ன்.”

கோவர்த்தனன் காருக்கு அடியிலிருந்து, “கடைசிப் படியில உழுந்துட்டாரா?” என்றார்.

“சிலோன்ல இருந்து நம்ம தமிழாளுங்க பெருமாள் சேவிக்க வராங்களே, அவங்க ‘சம்பியன்’. ‘ச’வுக்குக் கால் போட மாட்டாங்க.”

அன்று நான் கேட்ட ஒரே கேள்வி, “இதுல எதுண்ணா சரி?” என்பது.

“ஏறி உக்கார்றவன் சொல்றதுதான் சரி” என்றார். துணியைப் பிழிந்தார். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காததற்கும் பதில் சொன்னார். “பேருக்கு இன்னா பாப்பா, அது ஊர் ஊரா போவுது. எனக்குத்தான் சித்தூர்லேர்ந்து திருப்பதி, திருப்பதியிலேர்ந்து சித்தூர்.”

அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக்கூடக் கழற்ற மாட்டார். ஊர் நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவே ஒரு கிராமம். மனைவி கன்னியம்மாள் அங்கே இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். எத்திராஜுக்கு மாதத்தில் இரண்டு நாள் லீவு. மற்ற நாளெல்லாம் ஷெட்டின் பின்னறையில் ஒரு பாய்.

அவர் அந்த உச்சரிப்புகளையெல்லாம் விளையாட்டுக்காகச் சேர்த்து வைத்திருக்கவில்லை என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. வெளிநாட்டுக்காரர் யாராவது திருப்பதி ஸ்டேஷனில் இறங்கினால், எத்திராஜ் பெட்டியை வாங்கிக்கொண்டே, “ஸார், எந்த ஊர்?” என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்பார். ஊர் பேர் வந்ததும், கதவைத் திறந்து, அந்த ஊர்க்காரர் சொல்லுகிற மாதிரியே காரின் பேரைச் சொல்லுவார். பிரெஞ்சுக்காரருக்கு ஷாம்ப்யோ. டென்மார்க் அம்மாவுக்கு ஷெம்பியன். வந்தவர்கள் திகைத்துப் போய்ச் சிரிப்பார்கள். தெரியாத ஊரில், நாலு பக்கமும் தெரியாத பாஷை கேட்கும்போது, தன் வீட்டில் கேட்கிற மாதிரி ஒரு சொல் காதில் விழுந்தால் யாருக்குத்தான் மனம் இளகாது? புது ஊர்க்காரர் வந்தால், கார் புறப்படுவதற்கு முன் அவரையே இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வார். அடுத்த தடவை அந்த நாட்டுக்காரர் வந்தால் தயாராக இருப்பார்.

அதற்குப் பிறகு வெளியூர்களிலிருந்து டிரங்கால் போன்கள் வர ஆரம்பித்தன. கார் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. “எங்கள் மாதிரியே சொல்லும் அந்த டிரைவரை அனுப்புங்கள்” என்றார்கள். டிரிப் புத்தகத்தில் நானே எழுதியிருக்கிறேன். மூன்று காரில் சாம்பியனுக்குத்தான் வாரத்தில் ஆறு நாளும் வேலை. பெரியப்பா அதை நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருப்பதியில் ஏற்றியவர்களை மெட்ராஸில் கொண்டுபோய் விடுகிற டிரிப் கிடைத்தால் எத்திராஜுக்குக் கொண்டாட்டம். புத்தூர், நகரி தாண்டித் திருத்தணிக்குப் போகிற ரோடு அது. அவருடைய கிராமம் ரோட்டோரத்திலேயே இருந்தது. புளியமரத்தடியில் காரை நிறுத்தி, வந்தவர்களுக்கு இளநீர் வெட்டச் சொல்லுவார். மூன்று பெண்களும் ஓடி வருவார்கள். கடைசிப் பெண் இந்திராணிக்கு நாலு வயது. காரின் மூக்கைத் தொட்டுக்கொண்டு, “ச்சா... ன்... பி... யோ... ன்” என்று ஜப்பான்காரர் மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவாளாம். பெரிய பெண் செங்கம்மா பிரெஞ்சு. நடுப்பெண் என்ன சொல்லுவாள் என்று கேட்டேன். “அது எதுவும் சொல்லாது, உன்ன மாதிரி” என்றார். ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து. அந்தப் பத்து நிமிஷத்தை அவர் சித்தூருக்கு வந்து மூன்று நாள் பேசுவார்.

ஆந்திர மாகாணம் பிறந்ததிலிருந்தே எங்கள் பக்கத்தில் எந்த ஊர் எங்கே போகும் என்பதுதான் பேச்சு. 1959-இல் பேச்சு முடிவாகிவிட்டது. திருத்தணி மெட்ராஸ் மாகாணத்துக்குப் போகிறது. அடுத்த வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நகரிக்கு அந்தப்பக்கம் வேறு ராஜ்யம். எங்களுக்குச் சித்தூரில் அது பேப்பர் சமாசாரம். எத்திராஜுக்கு அது வீட்டு சமாசாரம்.

புரட்டாசியில் அவருடைய மச்சான் ஏழுமலை ஷெட்டுக்கு வந்தார். திருத்தணியில் ஒரு பஸ் முதலாளிக்கு மெட்ராஸ் ரூட்டு ஒன்று புதிதாகக் கிடைக்கப் போகிறது, சித்திரையில் வண்டி ஓடும், டிரைவர் வேலை எத்திராஜுக்குத்தான் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார் என்பது சேதி.

“ராத்திரி வூட்டுச் சோறு மாமா. பொண்ணுங்க வளந்துக்கினே கீது. பெரிசு வயசுக்கு வந்துட்சுன்னா நீ பஸ் புட்ச்சு வந்துதான் பாக்கணும்” என்றார் ஏழுமலை.

எத்திராஜ் அன்று மாலையே பெரியப்பாவிடம் போய் நின்றார். “மொதலாளி, சித்திரையில போயிடறேன். அதுக்குள்ள கோவர்த்தனனுக்கு வண்டி பழக்கி வுட்டுடறேன்.”

பெரியப்பா கோபப்படவில்லை. “பூஜை ஆகட்டும், சூத்தாம்” என்றார். பார்க்கலாம் என்பதற்கு அவர் சொல்லும் தெலுங்கு அது.

எங்கள் ஷெட்டில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெங்கடேசப் பெருமாள் படம் ஒட்டிய தேக்குப் பெட்டி ஒன்று உண்டு. சாமிப் பெட்டி என்போம். மூன்று டிரைவர்களும் கார் சாவியையும் தங்கள் லைசென்ஸ் புத்தகத்தையும் அதற்குள் வைப்பார்கள். பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி முடிந்ததும், பெரியப்பா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வெற்றிலை பாக்கின் மேல் சாவியையும் லைசென்ஸையும் வைத்துக் கையில் கொடுப்பார். அதுதான் அடுத்த ஒரு வருஷத்துக்கு வேலை உறுதி. எழுத்து கிழுத்து எதுவும் கிடையாது. வேலையை விட நினைக்கிற டிரைவர் லைசென்ஸைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு சாவியை மட்டும் பெட்டியில் வைப்பான். யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் புரிந்துவிடும்.

அந்த வருஷம் எத்திராஜ் லைசென்ஸையும் வைத்தார்.

கோவர்த்தனன் அவரை முழங்கையால் இடித்து, “நீதான் போறியே, அத்த ஏன்டா வெக்கிற?” என்று மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது.

“இன்னும் ஆறு மாசம் ஓட்டப் போறேன். சாவியை மட்டும் வெச்சா சாமியை ஏமாத்தற மாதிரி ஆவாதா?” என்றார் எத்திராஜ்.

பெரியப்பா முதலில் மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டார். கடைசியாக எத்திராஜ். வெற்றிலை வந்தது, பாக்கு வந்தது, சாவி வந்தது. பெட்டியின் மூடி சாத்தப்பட்டது.

“மொதலாளி, லைசென்சு...”

“சாமிகிட்ட இருக்கட்டும் எத்திராஜு. உன் சட்டைப்பையைவிட அங்க பத்திரம்” என்று பெரியப்பா சிரித்தார். அது ஏதோ மரியாதை என்று நினைத்து வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். எத்திராஜும் கொஞ்சம் சிரித்தார். பெட்டியைப் பூட்டிப் பெரியப்பா சாவியை என்னிடம் கொடுத்தார். தினமும் காலையில் பெட்டியைத் திறந்து விளக்கேற்றுவது அதுமுதல் என் வேலையாயிற்று.

மறுநாள் காலை விளக்கேற்றும்போது பார்த்தேன். படத்தின் காலடியில் அந்தச் சின்னப் புத்தகம் இருந்தது. அட்டையில் சந்தனம் காய்ந்திருந்தது. உள்ளே அவருடைய போட்டோ. மேல் பொத்தான் போட்டிருந்தார்.

ஐப்பசி கடைசியில் அவர் முதல் தடவை கேட்டார். “தை பொறக்கட்டும்” என்றார் பெரியப்பா. தை பிறந்தது. மறுபடி கேட்டார். “நாளைக்கு அந்த அமெரிக்கா டாக்டரம்மா வருது. உன்னத்தான் கேட்டிருக்குது. இப்பப் போயி இத்தைப் பேசறியே?” என்றார் பெரியப்பா. மாசியில் மூன்றாவது தடவை. “நானா வெச்சுக்கினு கீறேன்? சாமிகிட்ட கேளு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கோவர்த்தனன் ஒரு நாள் எத்திராஜிடம் சண்டைக்கே போனார். “ஒரு தகரப் பூட்டுடா அது. ஸ்குரூ டிரைவரை வெச்சு நெம்பினா வந்துடும்.”

“சாமிப் பெட்டிய ஒடைக்கச் சொல்றியா?”

“சரி, அத்த வுடு. ஆபீசுல போயி தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடு. இன்னொண்ணு குடுப்பான்.”

“தொலையலையே. பெருமாள்கிட்ட இருக்கறத தொலைஞ்சு போச்சுன்னு என் கையால எழுதணுமா? எழுதிட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கினு திருப்பதி ரோட்டுல வண்டி ஓட்டறது?”

“நீ உருப்பட மாட்டேடா சாம்பியன்” என்றார் கோவர்த்தனன். சாமிக்கு முன்னால் வைத்ததை வைத்தவரின் கை தானே எடுக்கக் கூடாது, பெட்டிக்குரிய வீட்டுக்காரர் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதைக் கோவர்த்தனனும் மீற மாட்டார். அது அவர்கள் எல்லோருக்கும் ரத்தத்தில் இருந்தது. பெரியப்பாவுக்கும் அது தெரியும்.

லைசென்ஸ் இல்லாமலே எத்திராஜ் ஓட்டினார். சித்தூரிலும் திருப்பதியிலும் அவரை நிறுத்திக் கேட்கிற போலீஸ்காரர் யாரும் இல்லை. சாம்பியனைப் பார்த்தால் சல்யூட் அடிக்காத குறைதான். கேட்காததால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது திருத்தணி.

பங்குனியில் ஏழுமலை மறுபடி வந்தார். “லைசென்சு காட்டாம ஸ்டீரிங்ல உக்கார வெக்க முடியாதுன்றாரு பஸ்காரர். இன்னும் பத்து நாள் பாப்பாராம். நாலு வருஷமா ஓட்டற வேற ஒருத்தன் கேட்டுக்கினு நிக்கறான் மாமா.”

“கொண்டாந்துடறேன்னு சொல்லு” என்றார் எத்திராஜ்.

பத்து நாள் போனது. ஏப்ரல் முதல் தேதி வந்தது. நகரிக்கு அப்பால் ரோட்டின் குறுக்கே ஒரு கம்பம் போட்டு, வண்டிகளை நிறுத்திக் காகிதங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு மெட்ராஸ் டிரிப் எதற்கும் பெரியப்பா சாம்பியனை அனுப்பவில்லை. கோவர்த்தனன் ஃபோர்டில் போனார். புளியமரத்தடிப் பத்து நிமிஷமும் அத்தோடு நின்றது. சித்திரையில் அந்தப் புது பஸ்ஸை வேறொருவர் ஓட்டினார்.

எத்திராஜ் அதற்குப் பிறகு கேட்கவில்லை. வருஷா வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்கப் பெரியப்பாவே ஆள் அனுப்பினார். புதுப்பித்த புத்தகம் நேராகப் பெட்டிக்கு வந்தது. மாதத்தில் இரண்டு நாள் எத்திராஜ் பஸ்ஸில் ஊருக்குப் போனார். அந்தக் கம்பத்தில் பஸ் நிற்கும்போது, பஸ் டிரைவர் இறங்கிப்போய்க் காகிதம் காட்டிவிட்டு வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று ஒரு தடவை சொன்னார். செங்கம்மா வயதுக்கு வந்த சேதி மூன்றாம் நாள் கார்டில்தான் அவருக்கு வந்தது. ஷெட்டில் அந்தக் கார்டை அவருக்குப் படித்துக் காட்டியது நான்தான்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். எத்திராஜ் கதவைத் திறந்து அவரவர் மாதிரியே காரின் பேரைச் சொன்னார். ஒரு இத்தாலிக்காரப் பாதிரியாரிடமிருந்து இன்னொரு விதமும் கற்றுக்கொண்டார். அதைச் சொல்லிக் காட்டியபோது கோவர்த்தனன் சிரிக்கவில்லை. “இதோட எத்தினி ஆச்சு?” என்று மட்டும் கேட்டார். எத்திராஜ் விரலை மடக்கிப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

1961-இல் எனக்கு வாத்தியார் டிரெயினிங் கிடைத்தது. இப்போது புத்தூரில் வேலை. ஷெட்டை விட்டு வந்த அன்று பெட்டிச் சாவியைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். இந்த வருஷம் பொங்கலுக்குப் போனபோதும் எத்திராஜ் அங்கேதான் இருந்தார். வண்டிக்கும் வயதாகிவிட்டது. மூக்கில் பெயிண்ட் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “டீச்சரம்மா, இந்த வண்டி பேரை இப்ப எப்பிடிச் சொல்றே?” என்றார். நான் சாம்பியன் என்றேன். “மாறவே இல்லையே நீ” என்றார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். ஏழுமலை சொல்லிவிட்டுப் போன அந்தப் பத்து நாள் கெடுவில் எட்டாவது நாள் நடந்தது அது. நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். விளக்கேற்றினேன். பெட்டியை மூடினேன். பூட்டினேன். மேஜைக்கு வந்து டிரிப் புத்தகத்தைத் திறந்து, தேதி போட்டு, சித்தூர் முதல் திருப்பதி வரை என்று எழுதினேன். என்னுடைய டிரெயினிங் விண்ணப்பம் ஒரு வாரமாகப் பெரியப்பாவின் கையெழுத்துக்காக அதே மேஜையில் கிடந்தது. எத்திராஜ் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தான் கொண்டுவந்த வெற்றிலையை மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு வண்டியை எடுக்கப் போனார். சாயந்திரம் அது வாடிப்போயிருந்தது.

அன்று காலை நான் பெட்டியைத் திறந்தபோது அவர் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வாசலில் நின்றிருந்தார். கையில் பேப்பரில் மடித்த இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு. உள்ளே வரவில்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவும் இல்லை. அவர் கேட்டது இதுதான்:

“பாப்பா, நீ திருட வேணாம், பொய் சொல்ல வேணாம். வெளக்கு ஏத்திட்டு, இந்த வெத்தலை மேல வெச்சு உன் கையால எடுத்துக் குடுத்துடு. உன் பெரியப்பா கைன்னா இன்னா, உன் கைன்னா இன்னா, ரெண்டும் ஒரே வூட்டுக் கைதானே. நீ குடுத்தா நான் வாங்கிக்கலாம். குடுக்கறியாம்மா?”